யன்னல் சீலையில் தைத்த வெள்ளைச் சட்டைகள்

ஜேர்மனிக்கு வந்த முதல் வருடங்களில் எனக்கு இருந்தது வேலை செய்து வந்த களைப்பு அல்ல. அகதி வழக்கு முடிவாகும் வரைக்கும் வேலை செய்யக் கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் எழும்புவோம், தபால் வந்திருக்கிறதா என்று பார்ப்போம், சமைப்போம், பிறகு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருப்போம். மத்தியானத்துக்குள்ளேயே உடம்பு அடித்துப் போட்டது மாதிரி ஆகிவிடும். என் கணவர் ஊரில் ஒரு நாளும் பகலில் படுத்தவர் அல்ல. இங்கே சாப்பிட்ட கையோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

எங்களை விட்டிருந்தது கொலோனுக்கு வெளியே மலைப்பக்கமாக இருந்த ஒரு சிறிய ஊரில். ஒரு காலத்தில் விருந்தினர் விடுதியாக இருந்த கட்டடம். அதை ஹைம் என்று எல்லோரும் சொன்னோம். குடும்பத்துக்கு ஓர் அறை, சமைக்க மாடிக்கு ஒரு குசினி. எங்கள் மாடியில் எங்களைத் தவிர இன்னொரு தமிழ்க் குடும்பமும் வயதான ஈரானியத் தம்பதியும் இருந்தார்கள். எங்கள் அறைக்கு அடுத்த அறையில் அவள் இருந்தாள், எரித்திரியாக்காரி, தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு. கணவன் அங்கேயே போராளிகளோடு நின்றுவிட்டான். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சூடானுக்குள் நடந்து, அங்கிருந்து எப்படியோ வந்து சேர்ந்தவள்.

எரித்திரியா என்று ஓர் இடம் இருப்பதே எனக்கு அவளைக் கண்ட பிறகுதான் தெரியும். அப்போது உலகப் படத்தில் அது தனி நாடாகவும் இல்லை.

"எங்கட நாட்டைப் படத்தில தேடாதேங்கோ, கிடைக்காது" என்று முதல் கிழமையே சொன்னாள்.

"எங்களுக்கும் அப்பிடி ஒரு கதை இருக்கு" என்றேன். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

நாங்கள் கதைத்தது உடைந்த ஜேர்மன். வினைச்சொல் ஓரிடத்தில் நிற்கும், ஆள் வேறிடத்தில் நிற்கும். ஆனால் அவள் சொன்னதெல்லாம் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்டது. அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். என்னைச் சகோதரி என்பதற்கான ஜேர்மன் சொல்லால் கூப்பிடுவாள். எனக்கு அது அக்கா என்றே கேட்கும். எங்களுக்கும் விளங்கட்டும் என்று எங்கள் முன்னால் பிள்ளைகளோடும் ஜேர்மனிலேயே கதைப்பாள்.

என் மகளும் அவளுடைய மூத்தவளும் ஊர்ப் பாடசாலையில் முதலாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தார்கள். ஒரு நாள் நான் கூட்டிக்கொண்டு போவேன், மறுநாள் அவள். பனிக்காலத்தில் அந்த மலை இறக்கம் சறுக்கும். மூன்று பிள்ளைகளின் கையையும் எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் அவளுடைய சின்னவளை முதுகில் கட்டிக்கொண்டு போன நாட்களும் உண்டு.

அந்தப் பக்கத்தில் மாசி மாதத்தில் கார்னிவல் என்று ஒரு கொண்டாட்டம். பெரியவர்களும் சின்னவர்களும் வேடம் போட்டுக்கொண்டு தெருவில் போவார்கள். பாடசாலைக்கும் பிள்ளைகள் வேடத்தோடு வர வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. அறிவித்தல் பிள்ளைகளின் பைக்குள் வந்துதான் இருக்கும், வாசித்து விளங்கியிருக்காது. அன்று காலை பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டபோது முற்றம் முழுக்க இளவரசிகளும் கடற்கொள்ளையரும். எங்கள் பிள்ளைகள் மட்டும் குளிர்ச்சட்டையோடு நின்றார்கள். ஆசிரியை ஓடி வந்து என் தோளைத் தட்டி, "பயப்படாதீர்கள், எங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது" என்றார். நல்ல மனுசி. கொஞ்சம் உரத்துப் பேசுவார், கோபம் என்பதை நான் அவர் முகத்தில் கண்டதில்லை.

பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவள் எங்கள் மாடியில் இருந்த மற்றத் தமிழ்க் குடும்பத்து அக்கா. நானும் எரித்திரியாக்காரியும் குசினியில் நின்றோம். கதவு திறந்தது. என் மகளுக்குக் கன்னத்தில் பூனை மீசை வரைந்திருந்தார்கள். அவளுக்குப் பின்னால் எரித்திரியாக்காரியின் மூத்தவள். காலுறைக்கு மேல் வைக்கோல் பாவாடை. கழுத்தில் பிளாஸ்ரிக் எலும்புகள் கோத்த மாலை. கை நிறைய இனிப்பு.

"அம்மா, நான் ஆபிரிக்கா" என்றாள் பிள்ளை. அவ்வளவு சந்தோசம். "ரெண்டு பெடியங்களும் ஆபிரிக்காதான், ஆனா அவங்களுக்கு முகத்தில மை பூசினவை. எனக்குப் பூசத் தேவையில்லையெண்டு ரீச்சர் சொன்னவா. எனக்குத்தான் முதல் பரிசு."

நான் தாயின் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. குனிந்து, பிள்ளையின் இடுப்பிலிருந்து வைக்கோலை அவிழ்த்து, வைக்கோல் முறியாமல் சுருட்டி ஒரு பைக்குள் வைத்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டிய சாமான் அல்லவா. மாலையையும் கழற்றி வைத்தாள். பிறகு கதிரையில் இருந்துகொண்டு, இனிப்பு ஒன்றை உரித்துப் பிள்ளை நீட்ட, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

"இது எங்கட உடுப்பில்லை, பிள்ளை."

"அப்ப எங்கட உடுப்பு என்ன?"

அவள் வாயிலிருந்த இனிப்பைச் சப்பி முடித்தாள்.  பிறகு அறைக்குப் போய் ஒரு துணிப்பொதியோடு வந்தாள். மெல்லிய வெள்ளைப் பருத்தியில் கணுக்கால் வரை நீண்ட சட்டை. கழுத்திலிருந்து நெஞ்சு வழியாகக் கீழ்விளிம்பு வரைக்கும் பச்சையும் மஞ்சளுமாகச் சிலுவைக் கோலம் போட்ட கரை. அதோடு போர்த்திக்கொள்ள அதே துணியில், அதே கரையோடு ஒரு சால்வை. சட்டைக்குச் சூரியா என்று பெயர், சால்வைக்கு நெட்செலா. சூடான் பாலைவனத்தைத் தாண்டும்போது அவள் விட்டுவிடாத ஒரே உடுப்பு அது.

பிள்ளை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது இரவுச்சட்டை மாதிரி இருக்கு."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு அந்தச் சட்டையை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை, திரும்பவும் பிரித்து மடித்தாள்.

மறுநாள் நான் பருப்பு அவித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் வந்து, "அக்கா, உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடத்தில பழகினதுதான். ஏன்?"

"பிள்ளையளுக்குத் தைக்க வேணும். எனக்கு ஊசி பிடிக்கவும் தெரியாது."

கைவேலை தெரிந்த நாட்டுப்புறப் பெண் என்று அவளைப் பற்றி நானாக ஒரு படம் வைத்திருந்தேன். அது அன்று கலைந்தது. அவள் அவர்களுடைய பெரிய பட்டணமான அஸ்மராவில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். முழங்காலளவு பாவாடை, குதியுயர்ந்த சப்பாத்து, வேலை முடிய மூலைக்கடையில் நின்றபடி ஒரு சின்னக் கோப்பைக் கோப்பி. சூரியா என்பது கோயிலுக்கும் பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் மட்டும். கடையில் வாங்கினது. யார் நெய்தார்கள், யார் கரை போட்டார்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

"இப்ப கேட்க ஆளில்லை. எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம். அதையாவது சொல்லாட்டி, நாளைக்கு வைக்கோலைத்தான் எங்கட உடுப்பெண்டு நினைக்குங்கள்" என்றாள்.

துணிக்கு, தேவாலயத்தில் பழைய உடுப்புகளைச் சும்மா கொடுக்கும் அறைக்குப் போனோம். அங்கே கிழமைக்கொரு தடவை திறப்பார்கள். அவளுடைய சட்டைத் துணிக்குக் கிட்டக் கூட எதுவும் அங்கே இல்லை. கடைசியில் ஒரு மூலையில் யன்னல் சீலைக் கட்டு ஒன்று இருந்தது. மெல்லிய வெள்ளைப் பருத்தி, பழசு, கழுவிக் கழுவி மெதுவாகிப் போனது. அவள் அதை விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். "இது காணும்" என்றாள். உடுப்பு அறையைப் பார்த்துக்கொண்ட அம்மா எங்களிடம் எத்தனை யன்னல் என்று கேட்டார். ஒரு யன்னல்தான் என்றோம். அவர் அதற்குப் பிறகும் எல்லாச் சீலையையும் பைக்குள் அடைத்துத் தந்தார்.

தையல் இயந்திரம் இல்லை. கையால்தான் தைத்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆண்கள் கீழே சீட்டு விளையாடப் போனதும் குசினி மேசையைத் துடைத்துவிட்டு இருப்போம். வெட்டுவதும் தைப்பதும் நான். கரையை நூலால் போடுவது இருவரும். என் தையல் கொஞ்சம் சின்னதாக விழும், அவளுடையது பெரிதாகி ஒரு பக்கம் சரியும். அவள் சலித்துப்போய் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு மேசையில் தலையை வைத்துக்கொள்வாள். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு தலையைத் தூக்கி விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். எத்தனையோ பின்னேரங்கள் அப்படித்தான் போயின. எனக்கும் அந்த வேலை பிடித்ததென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மேசையில் இருக்கும்போது தபாலைப் பற்றி நினைப்பதில்லை.

என் கணவர் ஒரு நாள் தேத்தண்ணிக்கு வந்தவர், மேசையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இஞ்சாரும், எங்கட பிள்ளைக்கு ஒரு பாவாடை சட்டை தைச்சீரா?"

"அவள் போடமாட்டன் எண்டுறாள்."

"இவளின்ர பிள்ளையள் மட்டும் போடுங்களோ?"

"தெரியாது. தைக்கச் சொன்னா, தைக்கிறன்."

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

பிள்ளைகள் மூவரும் மேசைக்குக் கீழேயும் மேலேயுமாக இருப்பார்கள். அவள் அந்த நேரத்தில்தான் சொல்லுவாள். பாடம் போல் அல்ல. ஏதாவது ஒன்று ஞாபகம் வந்தால் சொல்லுவாள், வராவிட்டால் தைத்துக்கொண்டிருப்பாள். சந்தையில் பஞ்சு விற்கும் பெண்கள், நூற்றுக் கொடுத்தால் நெய்து தரும் ஆண்கள், மணப்பெண்ணுக்குப் போடும் கரை எவ்வளவு அகலம், தேவாலய வாசலில் வெள்ளை வெள்ளையாக நிற்கும் சனம். மூத்தவள் கேள்வி கேட்டபடியே இருப்பாள்.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் இது போட்டனீங்களா?"

"இல்லை. நான் பாவாடை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனனான்."

"அப்ப அதும் எங்கட உடுப்பா?"

அவள் நூலைக் கடித்து அறுத்தாள். "ஓம். அதும்தான்."

ஒரு நாள் நூற்பது எப்படி என்று காட்ட வெளிக்கிட்டாள். மருந்துப் பெட்டியிலிருந்த பஞ்சை எடுத்து, பென்சில் ஒன்றில் சுற்றி, தொடையில் உருட்டினாள். இழை ஒரு சாண் வரும் முன் அறுந்தது. திரும்பவும் உருட்டினாள், திரும்பவும் அறுந்தது. சின்னவளுக்குச் சிரிப்பு. பிறகு என் மகள், மூத்தவள், கடைசியில் நானும் பென்சிலும் பஞ்சுமாக இருந்தோம். ஒருவருக்கும் வரவில்லை. குசினி முழுக்கப் பஞ்சு பறந்து, ஈரானிய அம்மா சூப்புச் சட்டியை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"அங்க கிழவியள் கதைச்சுக் கதைச்சே நூற்பினம். நான் வடிவாப் பார்க்கேல்லை" என்றாள் அவள், தொடையிலிருந்த பஞ்சைத் தட்டியபடி.

அவர்களுடைய உயிர்த்த ஞாயிறு அந்த வருடம் ஜேர்மன்காரரின் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்தது. அதற்குள் இரண்டு சட்டையும் இரண்டு சால்வையும் முடிந்தன. கொலோனில் அவர்களுடைய ஆட்கள் கூடிக் கும்பிடுவார்கள். போவதற்கு அனுமதி கேட்டாள், கிடைக்கவில்லை. அதனால் குசினியிலேயே அவர்களுடைய பெருநாள் வழக்கப்படி கோப்பிக்கொட்டையை வறுத்தாள். புகை எழும்பி, கீழேயிருந்து பராமரிப்பாளர் ஓடி வந்து யன்னலைத் திறந்துவிட்டு ஏசிவிட்டுப் போனார். அந்தப் புகைக்குள் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வந்து நின்றார்கள். மூத்தவளுக்குத் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. சின்னவளுக்குக் கரை கோணல். அவள் சால்வையை எடுத்துச் சின்னவளின் தோளைச் சுற்றிப் போட்டாள். இப்படிப் போட்டால் விருந்துக்கு. பிறகு அவிழ்த்து நெஞ்சுக்குக் குறுக்காகப் போட்டாள். இப்படிப் போட்டால் கும்பிடுவதற்கு. பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். என் மகளும் ஒரு சால்வையை வாங்கிப் போட்டாள். சாப்பாடு தொடங்கின உடனேயே சின்னவள் சட்டையில் இறைச்சிக் கறியை ஊற்றிக்கொண்டாள். கழுவினோம், மஞ்சள் கறை போகவில்லை.

கோடை தொடங்கின ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய நாட்டுக்காரர் ஒருவர் பிராங்க்பர்ட்டிலிருந்து வந்தார். நரைத்த தலை, கையில் தொப்பி. அவளுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். பிள்ளைகள் எங்கள் அறையில் என் மகளோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். சுவர் மெல்லியது. முதலில் அவருடைய குரல், பிறகு ஒன்றுமில்லை.  அவர் வெளியே வந்து நடையில் என்னைக் கண்டு தலையை ஆட்டினார். அது போதும். அவளுடைய கணவன் சண்டையில் செத்துப்போனான். செத்து மாதக்கணக்காகிவிட்டது, செய்தி இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. எங்களுக்கு அது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நானும் மற்ற அக்காவும் சோறும் கறியும் சமைத்தோம். ஈரானிய அம்மா தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். தமிழ் ஆண்கள் சீட்டை வைத்துவிட்டு நடையில் கதிரை போட்டு வரிசையாக இருந்தார்கள். 

நான் உள்ளே போனபோது அவள் கட்டிலில் இருந்தாள். வெள்ளைச் சட்டையோடு பிள்ளைகள் இரண்டு பக்கமும். மூத்தவளின் முகம் அழுது வீங்கியிருந்தது. சின்னவளுக்கு எவ்வளவு விளங்கியதென்று தெரியவில்லை. தகப்பனைப் படத்தில் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். தாய் தன்னுடைய சால்வையைக் கரை மேலே வருகிற மாதிரித் தலைகீழாகத் திருப்பி, கழுத்தோடும் முகத்தோடும் கரை கிடக்கும்படி போர்த்தியிருந்தாள். நான் இருந்த பிறகு மூத்தவளின் சால்வையை எடுத்து, அதே மாதிரித் திருப்பிப் போட்டுவிட்டாள். பிறகு சின்னவளுக்கு. சட்டையில் இருந்த மஞ்சள் கறையைச் சால்வையால் மூடிவிட்டாள்.

"இதை இன்னும் கொஞ்சக் காலம் கழிச்சுக் காட்டலாமெண்டு இருந்தன்" என்றாள் என்னிடம். "இப்பிடிப் போட்டா ஆரும் வந்து என்னெண்டு கேட்கமாட்டினம். கண்ட உடன விளங்கும். அதுக்குத்தான்."

இங்கே யாருக்கு விளங்கும் என்று எனக்கு உள்ளே ஓடியது.  அவளுக்கும் அது தெரியாததல்ல.

மறுநாள் பாடசாலை. பிள்ளைகள் போகத்தான் வேண்டும் என்றாள். அறைக்குள் வைத்திருந்தால் தன்னைப் பார்த்துப் பார்த்து அழுவார்கள் என்றாள். ஆனால் சால்வையோடுதான் போக வேண்டும். நான் மூத்தவளையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். காற்சட்டை, மேற்சட்டை, அதற்கு மேல் கழுத்தோடு சுற்றிய வெள்ளைச் சால்வை. ஆசிரியையிடம் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க ஜேர்மன் சொற்களை அடுக்கிக்கொண்டு போனேன். வகுப்பு வாசலில் அவர் எங்களைக் கண்டதும், நான் வாய் திறப்பதற்குள், கையைத் தட்டினார்.

"என்ன அழகு. இது உங்கள் நாட்டு உடுப்பா? வா, எல்லோருக்கும் காட்டு" என்று பிள்ளையின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

நான் "இல்லை, இல்லை" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. பிள்ளை வகுப்பைப் பார்த்து நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. பிள்ளையின் ஜேர்மன் எங்கள் எல்லோருடையதையும் விட நல்லது.

"இது அழகுக்குப் போடுறதில்லை" என்றாள். "கரை கீழே இருந்தால் சாதாரணம். குறுக்காகப் போட்டால் கும்பிட. கரை இங்கே இருந்தால்" — கழுத்தைத் தொட்டாள் — "ஆரோ செத்துப்போச்சினம். என்ர அப்பா செத்துப்போனார்."

 ஒரு பெடியன், கார்னிவலுக்கு முகத்தில் மை பூசி வந்த இருவரில் ஒருவன் என்று என் மகள் பிறகு சொன்னாள், கையை உயர்த்தி, "எங்கட அப்பப்பா செத்தபோது அம்மா கறுப்புப் போட்டவா" என்றான். பிள்ளை தலையை ஆட்டினாள். ஆசிரியை மெதுவாக அவளுக்குப் பக்கத்தில் குந்தி இருந்தார். அவர் என்ன சொன்னார் என்று வாசலில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. அவர் சத்தம் குறைத்துப் பேசி அன்றுதான் கண்டேன். நான் திரும்பி மலை ஏறினேன். பாதி வழியில் இருந்த பேரூந்துத் தரிப்பிடத்து வாங்கில் இருந்து, பேரூந்துகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பி நடக்க மனம் வரவில்லை.

அடுத்த கிழமை ஆசிரியை ஹைமுக்கு வந்தார். கையில் கேக். குசினிக் கதிரையில் உட்கார்ந்து, வைக்கோல் பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்து எறிந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு கதைக்க முடியுமா என்று அவளிடம் கேட்டார்.

அவள் கேக்கை வெட்டினாள். "எனக்குக் களைப்பா இருக்கு" என்றாள். ஆசிரியை எழும்பப் போனார். "வாறன்" என்றாள் அதற்குள். "ஆனா நான் ஆடிக் காட்டமாட்டன்."

பள்ளி விடுமுறைக்கு முன் ஒரு காலை போனாள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சூரியாவோடுதான் வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவள் பழைய உடுப்பு அறையில் எடுத்த கடுநீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டு, தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அலுவலகத்துக்குப் போகிற மாதிரி. சூரியா அவளுடைய பைக்குள் இருந்தது. அதை எடுத்து மேசையில் விரித்து, பிள்ளைகளைக் கிட்ட வரச் சொல்லிக் கரையைத் தொட்டுப் பார்க்க விட்டாள்.

"இது கோயிலுக்கு. நான் போட்டிருக்கிறது வேலைக்கு. ரெண்டும் ஆபிரிக்காதான்" என்றாள். "ஆபிரிக்கா பெரிசு. மற்ற நாட்டுக்காரர் என்ன போடுறவை எண்டு எனக்கும் தெரியாது. அவையிட்டத்தான் கேட்க வேணும்."

சிங்கம் பார்த்திருக்கிறீர்களா என்று ஒரு பிள்ளை கேட்டது. இந்த ஊருக்கு அனுப்புவதற்கு முன் கொலோனில் நின்றபோது, மிருகக்காட்சிச்சாலையில் பார்த்தேன் என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள், ஆசிரியையும் சிரித்தார். மூத்தவள் மட்டும் சிரிக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹைமுக்குத் திரும்பியதும் அவள் சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தாள். பொழுதுபடும் வரை எழும்பவில்லை. பிள்ளைகளுக்கு நான்தான் சாப்பாடு கொடுத்தேன்.

இலையுதிர் காலத்தில் அவர்களுடைய வழக்கு முடிந்து, ஜேர்மனியில் தங்க அனுமதி கிடைத்தது. ஸ்டுட்கார்ட்டில் அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரி இருந்தாள். போகிற அன்று மழை. வாகனத்துக்குள் பெட்டிகளை ஏற்ற என் கணவரும் மற்ற ஆண்களும் உதவினார்கள். பிள்ளைகள் மூவரும் படியில் இருந்து ஏதோ கையடித்து விளையாடினார்கள். போகப் போவது அவர்களுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். "எனக்கு இனித்தான் உண்மையா வேலை, அக்கா" என்றாள். "என்ன வேலை எண்டாலும் செய்வன். முதலில ஒரு மாதம் நித்திரை கொள்ள வேணும் போல இருக்கு." கொள்ளமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

பிறகு ஓரிரு தடவை தொலைபேசியில் கதைத்தோம். அவள் ஒரு மருத்துவமனைச் சலவை அறையில் வேலை செய்தாள். மூத்தவள் கோயிலுக்குப் போகும்போது சூரியா போடுகிறாள், மற்ற நாட்களில் அதைப் பற்றிக் கதைக்கவே விடுவதில்லை. சின்னவள் போடவே மாட்டேன் என்கிறாள், அழுகிறாள், உடம்பில் கடிக்கிறது என்கிறாள். "கட்டாயப்படுத்தேல்லை" என்றாள் அவள். "சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டன். இனி அதுகளின்ர விருப்பம்."

எங்கள் வழக்குக்கு அப்போதும் முடிவு வரவில்லை.

அவர்கள் போன அன்றே பின்னேரம் அந்த அறைக்கு வேறொரு குடும்பத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். கணவனும் மனைவியும் கைக்குழந்தையும், நனைந்த உடுப்போடு. எந்த நாடு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெண் குசினி வாசலில் பால் போத்தலோடு நின்றாள். நான் எழும்பிப் போய், நாலு அடுப்பில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று கையால் காட்டிக் கொடுத்தேன்.